இரு கோடுகளும் ஒரு தராசும்

தமிழ்த்துறை மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு துறைத்தலைவர் அவர்கள் அன்புக் கட்டளையிட்டபோது, எதை எழுதுவது என்ற தயக்கம் எனக்கு ஏற்பட்டது. இக்கல்லூரியில் இயற்பியல் பயின்று, பின்னர் மின்னணுவியல் கற்று, கடந்த கால் நூற்றாண்டாக மின்சுற்றுகளோடு வாழ்ந்து வருபவன் நான். இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆயினும் அவர், "உங்கள் தொழில் உங்களுக்குக் கற்றுத் தந்த ஒரு பாடத்தை எழுதுங்கள், அதுவே எங்களுக்குப் போதும்" என்றார். அவ்வாறு எண்ணிப் பார்த்தபோது என் கண்முன் வந்து நின்றவை, கணிப்பொறித் திரையின் மேல் விளிம்பில் வரிசையாக அமைந்த ஏழெட்டுச் சிறிய பொத்தான்கள். அவற்றைத் தொடர்ந்து, என் அத்தாவின் கடைத் தராசும் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊர்க் கடைவீதியில் அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார்கள். நாள்தோறும் காலையில் கடை திறந்தவுடன், பொருள் எதையும் நிறுப்பதற்கு முன்னர், வெறுந்தராசை உயர்த்திப் பிடிப்பார்கள். இரு தட்டுகளும் சமமாக நின்று முள் நடுவில் அமைந்தால், அடுத்ததாக ஒரு தட்டில் நாலைந்து கிராம்புகளை இடுவார்கள். முள் சற்றே அசைய வேண்டும். அசைந்தால்தான் அன்றைய வாணிகம் தொடங்கும். "சமமாக நின்றால் மட்டும் போதாது, துருப்பிடித்து இறுகிப்போன தராசும் சமமாகத்தான் நிற்கும்" என்பார்கள். அக்காலத்தில் எனக்கு அது ஒரு முதியவரின் பழக்கமாகவே தோன்றியது. அதன் பொருள் விளங்க நான் பெங்களூர் வரை செல்ல வேண்டியிருந்தது.

மின்சுற்று ஒன்றை வடிவமைப்போர், அதனைப் பலகையில் உருவாக்குவதற்கு முன்னரே கணிப்பொறியில் இயக்கிப் பார்க்கின்றனர் என்பதை மாணவர்கள் அறிவீர்கள். மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர் முதலியவற்றைக் கணிதச் சமன்பாடுகளாக்கி, கிர்க்காஃப் வகுத்த விதிகளின்படி ஒவ்வொரு நொடித்துளியிலும் ஒவ்வோர் இடத்திலும் மின்னழுத்தம் எவ்வளவு என்று கணக்கிட்டுத் தரும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுக்கெல்லாம் தாய் எனத் தக்கது, அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் என்ற ஆய்வு மாணவர், டொனால்டு பெடர்சன் என்ற பேராசிரியரின் வழிகாட்டுதலில் உருவாக்கி 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பைஸ்' என்னும் நிரலாகும். ஆங்கிலத்தில் அச்சொல் நறுமணப் பொருளைக் குறிப்பது. மிளகும் ஏலமும் விற்றவரின் மகன் 'ஸ்பைஸ்' தொழிலுக்கே வந்து சேர்ந்தான் என்று என் நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. பெடர்சன் அந்நிரலை எவரும் பெற்றுப் பயன்படுத்தும் வண்ணம் வழங்கினார். அந்தப் பெருந்தன்மையினால்தான் அது உலகெங்கும் பரவியது என்றால் மிகையாகாது.

அந்நாளில் விடைகள், எண்களின் அட்டவணையாகவும் உடுக்குறிகளால் ஆன வரைபடமாகவும் அச்சுத்தாளில் வந்தன. பின்னர் அவை வண்ணக் கோடுகளாகத் திரைக்கு வந்தன. சுற்றில் ஒரு சிறு மாற்றம் செய்தால், மாற்றத்திற்கு முந்தைய விடையையும் பிந்தைய விடையையும் ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். ஒரு சுற்றில் நூற்றுக்கணக்கான முனைகள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு கோடு. அத்தனையையும் கண்ணால் ஒப்பிடுவது இயலாது. ஆகவேதான் ஒப்பீட்டு மென்பொருள் வந்தது. அதனுடன் கருவிப்பட்டையும் வந்தது.

நான் பணியில் சேர்ந்த அலுவலகத்தில் பயன்பட்ட மென்பொருளின் கருவிப்பட்டை இன்றும் எனக்கு மனப்பாடம். இடப்பக்கத்தின் முதற் பொத்தான், அளவுகோலாகக் கொள்ளும் பழைய விடையைத் திறக்கும். இரண்டாவது, புதிய விடையைத் திறக்கும். மூன்றாவது, இரு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும். நான்காவது, தொடக்கம் முதல் முடிவு வரை முழுத் தோற்றத்தையும் திரைக்குள் அடக்கிக் காட்டும். ஐந்தாவது, நாம் குறித்த பகுதியை மட்டும் பெரிதாக்கும். ஆறாவது அம்புக்குறி, அழுத்தினால் அடுத்த வேறுபாடு இருக்கும் இடத்திற்கு நம்மை இட்டுச் செல்லும். ஏழாவது, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சிய வேறுபாட்டைத் தனிக்கோடாக வரையும். எட்டாவது, 'டாலரன்ஸ்' எனப்படும் ஏற்பளவை மாற்றும். அஃதாவது, எவ்வளவு வேறுபாடு வரை பொருட்படுத்த வேண்டா என்று நாம் மென்பொருளுக்குச் சொல்லும் அளவு. ஏற்பளவைக் கடந்த இடங்கள் சிவப்பாகவும், கடவாத இடங்கள் பச்சையாகவும் தோன்றும். சுட்டியைப் பொத்தானின்மீது நிறுத்தினால், மஞ்சள் நிறச் சிறு கட்டத்தில் அதன் பெயர் தெரியும். பெயரை அறிந்துகொள்ள அரைமணி நேரம் போதும். எதனை எப்போது அழுத்த வேண்டும், எதனை அழுத்தக் கூடாது என்பதை அறிந்துகொள்ள எனக்கு ஒரு தவறு தேவைப்பட்டது.

அது 2000ஆம் ஆண்டு. டான்டலம் என்னும் உலோகத்தால் ஆகும் மின்தேக்கிகளுக்கு உலகெங்கும் கடுந்தட்டுப்பாடு நிலவிய ஆண்டு அது. எங்கள் குழு, மருத்துவமனையில் நோயாளியின் படுக்கையருகே நின்று இதயத்துடிப்பைக் காட்டும் கருவி ஒன்றின் மின்வழங்கிப் பலகையைக் கவனித்து வந்தது. 5 வோல்ட் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் சீராக்கியின் வெளிவாயிலில் ஒரு டான்டலம் மின்தேக்கி இருந்தது. அது கிடைக்காத நிலையில், அதே கொள்ளளவுடைய பீங்கான் மின்தேக்கியைப் பொருத்தலாமா என்று ஆராயும் பணி என்னிடம் தரப்பட்டது. பணியில் சேர்ந்து சில திங்களே ஆகியிருந்த எனக்கு அது பெருமையாக இருந்தது.

பழைய மின்தேக்கியுடன் ஒரு முறை, புதிய மின்தேக்கியுடன் ஒரு முறை, சுற்றைக் கணிப்பொறியில் இயக்கினேன். இரு விடைகளையும் திறந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முழுத் தோற்றப் பொத்தானை அழுத்தினேன். இரு கோடுகளும் சுழியத்திலிருந்து எழுந்து, 5 வோல்ட்டில் ஒன்றாகவே படுத்திருந்தன. நடுவில், சுமை திடீரென ஏறும் இடத்தில் மட்டும் கோடு சற்றே தடித்துத் தெரிந்தது. ஆனால் அவ்விடத்தில் மூன்று சிவப்புக் குறிகள் நின்றன. ஏற்பளவு 1 விழுக்காடாக இருந்தது. 5 வோல்ட்டில் அது 50 மில்லிவோல்ட். மின்வழங்கிக்கு 5 விழுக்காடு வரை மாறுபாடு இருக்கலாம் என்று ஏதோ ஓர் ஏட்டில் படித்த நினைவு எனக்கு இருந்தது. எட்டாம் பொத்தானை அழுத்தி, 1 என்பதை 5 ஆக்கினேன். சிவப்பு மறைந்தது; திரை முழுவதும் பச்சையாயிற்று. 'வேறுபாடு எதுவும் இல்லை' என்று அறிக்கை எழுதி, அச்சிட்டு, எங்கள் குழுவின் மூத்த பொறியாளரிடம் கொண்டு சென்றேன்.

அவர் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அறிக்கையை ஒரு முறை பார்த்துவிட்டு, "தம்பி, கடைசியாக எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள்?" என்று கேட்டார். நான் சொன்னேன். "சரி, திரையில் காட்டுங்கள்" என்று என்னுடன் எழுந்து வந்தார். ஏற்பளவை மீண்டும் 1 ஆக்கச் சொன்னார். அம்புக்குறியை அழுத்தச் சொன்னார். சிவப்புக் குறி நின்ற இடத்தைப் பெரிதாக்கச் சொன்னார். நான் பெரிதாக்கினேன். என் நெஞ்சு துணுக்குற்றது.

பழைய கோடு, சுமை ஏறியவுடன் சிறிது தாழ்ந்து, அமைதியாக நிமிர்ந்து நின்றது. புதிய கோடோ, அடிபட்ட மணியின் நாவைப் போல் மேலும் கீழுமாகப் பதினைந்து முறை ஆடி, அதன் பின்னரே ஓய்ந்தது. முதல் ஆட்டத்தின் உயரம் 120 மில்லிவோல்ட், அஃதாவது 2.4 விழுக்காடு. ஒன்றைக் கடந்தது, ஐந்தைக் கடக்கவில்லை. ஆகவேதான் என் ஏற்பளவில் அது பச்சையாயிற்று.

அம்மையார் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். முழுத் தோற்றத்தில் 20 மில்லி விநாடிகள் திரையின் 800 புள்ளிகளுக்குள் அடக்கப்பட்டிருந்தன; ஒரு புள்ளிக்கு 25 மைக்ரோ விநாடி. அலைவின் ஓர் ஆட்டத்திற்கு ஆன நேரமோ 20 மைக்ரோ விநாடிதான். ஒரு முழு ஆட்டம் ஒரே புள்ளிக்குள் ஒடுங்கிவிட்டது. நான் கோட்டின் தடிப்பு என்று எண்ணியது, பதினைந்து ஆட்டங்களின் நெரிசல்! முழுத் தோற்றப் பொத்தான் முழுமையைக் காட்டும் என்று நம்பியிருந்தேன். அது அகலத்தை முழுமையாகக் காட்டியது, ஆழத்தைக் காட்டவில்லை.

காரணத்தையும் அவரே விளக்கினார். டான்டலம் மின்தேக்கியினுள் இயல்பாகவே ஒரு சிறு மின்தடை தொடர்நிலையில் அமைந்துள்ளது. அவ்வகைச் சீராக்கியின் உறுதிநிலை அந்தத் தடையையே நம்பியிருந்தது. பீங்கான் மின்தேக்கியில் அத்தடை சில மில்லி ஓம்களே. குறைந்த தடை நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இங்கே அந்தக் குறைவே தள்ளாட்டத்திற்குக் காரணமாயிற்று. வெப்பம் மாறினாலும் உறுப்புகள் பழையனவானாலும் அந்த ஆட்டம் ஓயாமலே தொடரும் நிலையும் வரலாம்.

பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "தம்பி, இதயத்திலிருந்து உடல் மேற்பரப்பிற்கு வரும் மின்குறி எவ்வளவு?" "ஏறத்தாழ 1 மில்லிவோல்ட், அம்மா." "அதனை அளக்கும் பெருக்கிக்கு மின்சாரம் தரும் கம்பியில் நூறு மடங்குக்கு மேல் ஆட்டம் இருக்கிறது. அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் யார் வீட்டுப் பிள்ளையோ! 5 விழுக்காடு என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்?" என்னிடம் விடை இல்லை. சிவப்பை அகற்ற வேண்டும் என்ற அவசரம்தான் அந்த ஐந்தைத் தேர்ந்தெடுத்தது.

அன்று மாலை, பீங்கான் மின்தேக்கியுடன் அரை ஓம் மின்தடை ஒன்றைத் தொடர்நிலையில் இணைத்து மீண்டும் இயக்கினோம். ஆட்டம் அடங்கியது. 1 விழுக்காட்டு ஏற்பளவிலேயே திரை பச்சையாயிற்று. பின்னர் பலகையிலும் பொருத்தி, அலைவுகாட்டியில் அளந்து உறுதி செய்தோம். சில காசு விலையுள்ள ஒரு மின்தடை அது. என் அறிக்கை அப்படியே மேலே சென்றிருந்தால்? அந்த எண்ணம் இன்றும் என்னை உறுத்துவதுண்டு.

சிவப்பெல்லாம் தீமை, பச்சையெல்லாம் நன்மை என்றும் கொள்ளலாகாது. இதனையும் அடுத்த திங்களிலேயே கற்றேன். வேறொரு சுற்றில் திரை முழுதும் சிவப்பாகக் கண்டு, முன்னைய அச்சத்தில் அம்மையாரிடம் ஓடினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அங்கே மின்னழுத்தம் 10 நானோ விநாடியில் சுழியத்திலிருந்து 5 வோல்ட்டுக்குப் பாய்ந்தது. புதிய விடையில் அப்பாய்ச்சல் 1 நானோ விநாடி தாமதமாகத் தொடங்கியிருந்தது. அச்சுற்றின் வேலைக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டேயன்று. ஆயினும் ஒரே கணத்தில் இரு கோடுகளையும் நிறுத்துப் பார்த்தால் அரை வோல்ட் வேறுபாடு. அஃதாவது 10 விழுக்காடு! மேலும், இத்தகைய மென்பொருள் காலத்தைச் சம அளவில் நறுக்குவதில்லை. மாற்றம் மிகுந்த இடத்தில் நெருக்கமாகவும், குறைந்த இடத்தில் விரிவாகவும் கணக்கிடும். ஆகவே இரு விடைகளின் காலப்புள்ளிகள் ஒத்திருப்பதில்லை. இடைப்பட்ட மதிப்புகளை ஒப்பீட்டு மென்பொருள் ஊகித்தே நிரப்புகிறது. செங்குத்தான ஏற்றங்களில் அந்த ஊகம் பொய்யான சிவப்பை உண்டாக்கும். அங்கே மின்னழுத்தத்திற்கு மட்டுமன்றிக் காலத்திற்கும் ஓர் ஏற்பளவு வேண்டும்.

ஏற்பளவைக் குறைத்துக்கொண்டே போவதும் அறிவுடைமையன்று. 'ஸ்பைஸ்' வழிவந்த நிரல்கள் பொதுவாக ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தையே தம் இயல்பான இலக்காகக் கொள்கின்றன. அதற்கும் நுண்ணிய வேறுபாட்டைத் தேடினால், சுற்றின் மாற்றத்தைக் காணமாட்டோம். கணக்கின் இரைச்சலையே காண்போம். பொன் நிறுக்கும் நுண்மையை விறகுத் தராசிடம் எதிர்பார்க்கலாமா?

அம்மையார் எனக்கு ஒரு முறைமையை வகுத்துத் தந்தார். இன்று என்னிடம் பயில வரும் இளைஞர்களுக்கு நானும் அதனையே சொல்கிறேன். முதலில், ஒரு விடையை அதே விடையுடன் ஒப்பிடுக. வேறுபாடு சுழியமாக வர வேண்டும். அடுத்து, தெரிந்தே ஒரு பிழையைச் செய்து ஒப்பிடுக. சிவப்பு தோன்ற வேண்டும். அளவுகோலாகக் கொண்ட பழைய விடை உண்மையில் அளந்து சரிபார்க்கப்பட்டதா என்று கேட்டறிக. பின்னரே புதியதைத் திறந்து, அம்புக்குறியின் வழியே ஒவ்வொரு வேறுபாட்டிற்கும் செல்க, ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் காண்க, கழித்துப் பார்க்க. ஏற்பளவை மாற்ற நேர்ந்தால், மாற்றிய அளவையும் மாற்றிய காரணத்தையும் அறிக்கையில் எழுதுக. காரணம் எழுத இயலவில்லையெனில், பொத்தானிலிருந்து கையை எடுத்துவிடுக.

முதல் இரண்டு படிகளையும் அவர் சொன்னபோதே எனக்கு மெய்சிலிர்த்தது. வெறுந்தராசு; அதன்மீது நாலைந்து கிராம்பு! மூன்றாவது, அரசு முத்திரை பெற்ற எடைக்கல். பள்ளிப்படிப்பைப் பாதியில் நிறுத்திய என் அத்தா நாள்தோறும் காலையில் செய்ததை, பொறியியல் பட்டம் பெற்ற நான் செய்யத் தவறியிருந்தேன். விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது நடந்ததையெல்லாம் அவர்களிடம் கூறினேன். மின்தேக்கியும் மைக்ரோ விநாடியும் அவர்களுக்கு விளங்கியிருக்காது. முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் நீ வெறுந்தராசைப் பார்க்கவில்லை" என்று மட்டும் சொன்னார்கள்.

காரணத்தை எழுதுக என்ற கடைசி அறிவுரையோ, இக்கல்லூரியின் தமிழ் வகுப்பறையை எனக்கு நினைவூட்டியது. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்ட வரலாற்றை எங்கள் தமிழ்ப் பேராசிரியர் விளக்கிய நாள் அது. பல ஏட்டுச் சுவடிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால், ஓர் ஏட்டில் ஒரு சொல்லும், மற்றோர் ஏட்டில் வேறொரு சொல்லும் இருக்கும். அவற்றுள் எது ஏடு எழுதியவரின் கைப்பிழை, எது உண்மையான பாடவேறுபாடு என்று ஆராய்வதே பதிப்பாசிரியரின் கடமை. "தமக்குப் பிடிக்காத பாடத்தை மறைப்பவர் பதிப்பாசிரியர் அல்லர், அதனையும் அடிக்குறிப்பில் காட்டிவிட்டுத் தம் முடிவைச் சொல்பவரே பதிப்பாசிரியர்" என்றார் பேராசிரியர். மதிப்பெண்ணுக்காக மட்டும் நான் குறித்துக்கொண்ட பாடம் அது. வேறுபாட்டை அழிப்பது ஒப்பீடு ஆகாது, வேறுபாட்டிற்குப் பொருள் காண்பதே ஒப்பீடு என்பதைச் சுவடிக்கும் சுற்றுக்கும் பொதுவான அறமாக இன்று காண்கிறேன்.

மாணவச் செல்வங்களே! இன்று 'எல்டிஸ்பைஸ்', 'என்ஜிஸ்பைஸ்' போன்ற நிரல்கள் விலையின்றியே கிடைக்கின்றன. அன்று ஓர் ஆய்வுக்கூடத்திற்கே எட்டாதிருந்த வசதி, இன்று உங்கள் மடிக்கணிப்பொறியில் உள்ளது. பெரிய நிறுவனங்களில் இரவெல்லாம் ஆயிரக்கணக்கான ஒப்பீடுகள் மனிதக் கை படாமலே நடந்து, காலையில் பச்சை, சிவப்புப் பட்டியலாக வந்து நிற்கின்றன. எவரோ ஒருவர் என்றோ எழுதிவைத்த ஏற்பளவு, ஆண்டுக்கணக்கில் கேள்வியின்றி ஆட்சி செய்கிறது. அன்று எனக்கு ஒரு கேள்வி கேட்க ஒருவர் இருந்தார். தானே நடக்கும் ஒப்பீட்டில் அக்கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சான்றோரின் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாகச் சொன்ன மரபு நம்முடையது. ஏற்பளவுப் பொத்தான் அக்கோலின் முள்ளைப் போன்றது. அதனைத் திருத்தி அமைக்கும் உரிமை நமக்கு உண்டு. நமக்கு வேண்டிய பக்கம் சாய்க்கும் உரிமை இல்லை. தேர்வுத்தாளில், ஆய்வேட்டில், கணக்கேட்டில், அலுவலகத்தில், சிவப்பு ஒன்று உங்கள் முன் தோன்றும் நாள் கட்டாயம் வரும். அதனை மறைக்கும் பொத்தானும் அருகிலேயே இருக்கும். அன்று, அம்புக்குறியை அழுத்தி அவ்விடத்திற்குச் சென்று, பெரிதாக்கிப் பாருங்கள்.

அத்தா இன்று இல்லை. கடையும் கைமாறிவிட்டது. அந்தத் தராசை மட்டும் நான் பெங்களூருக்குக் கொண்டுவந்து, என் பணிமேசைக்கு மேலே சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். புதிதாகப் பணியில் சேரும் இளைஞர் எவரேனும் அது எதற்கு என்று கேட்டால், முதலில் ஒரு விடையை அதே விடையுடன் ஒப்பிட்டுவிட்டு வருமாறு அவரிடம் சொல்கிறேன்.